செருப்போட வந்தவங்க

இல்லக்கா, கழட்டாத. அப்படியே உள்ள வா. எல்லாரும் வாசப்படியாண்ட நின்னு கழட்டிடுறாங்க, பழக்க தோஷம். இங்க அப்படிக் கெடையாது. இந்த ஸ்டூல்ல உக்காரு மொதல்ல. நானே கழட்டிக்கிறேன்.

திருக்கனூர்லேருந்தா வர? பஸ்ல வந்து வில்லியனூர்ல எறங்கினியா? அங்கேருந்து நடந்தேவா வந்த, இந்த வெயில்ல? யக்கா, இன்னாக்கா நீ. ஒதியம்பட்டுன்னு சொன்னா ஷேர் ஆட்டோக்காரன் தெருமொனையிலயே எறக்கிவுடுவான். திரும்பிப் போவும்போது நடக்காத. யாரு அனுப்புனாங்க, நர்சம்மாவா? அவங்கதான் அனுப்புவாங்க. செருப்புக்காரர் வூடுன்னு கேட்டா சொல்லுவாங்கன்னு சொல்லியிருப்பாங்க. சொன்னாங்கல்ல? ம்.

அவரா? அவரு இல்லக்கா. நான் இருக்கேன். பொம்பளைங்களுக்கு எப்பவும் நான்தான் அளவு எடுக்குறது, அவரு இருந்தாலும் உனக்கு நான்தான் எடுப்பேன். கால குடு.

என் மடியில வையி. அட, வையிக்கா. மொத தடவ எல்லாரும் இப்படித்தான் இழுத்துக்குவாங்க. அடுத்தவ மடியில எப்படி கால வெக்கறதுன்னு இருக்கும். துணி விரிச்சிருக்கேன் பாரு. ம், அவ்ளோதான்.

இன்னா தொழிலு பண்ற? இட்லி கடையா. பஸ் ஸ்டாண்டுல. அப்ப நாளெல்லாம் நின்னுக்கினேதான் இருப்ப. சுகர் எப்பலேருந்து? அது யாருக்குத்தான் தெரியுது. பாத்த அன்னிக்குத்தான் வந்துதுன்னு நெனைக்கிறோம். கட்டவெரலுக்குக் கீழ இந்தப் புண்ணு எப்ப வந்துது? நீ பாக்கவே இல்லியா. உம் மருமவளா பாத்தா? வூடு கழுவும்போது தரையில ரத்தத் தடம் இருந்துதா. நல்ல மருமவதான்.

கண்ண மூடிக்க. பயப்படாத, இது சும்மா நைலான் நரம்பு, தூண்டில்ல போடுறாங்களே அது மாதிரி. லேசா தொடுவேன். தொட்டா தொட்டன்னு சொல்லு. ம். ம். இப்ப? இங்க? இங்க தெரியலையா. சரி, இங்க? சரி கண்ண தொற.

ஒண்ணுமில்லக்கா. முன்பாதத்துல கொஞ்ச எடத்துல தெரியல, குதிகால்ல தெரியுது. மூஞ்ச அப்படி வெச்சிக்காத. எந்த எடத்துல தெரியலன்னு தெரிஞ்சிட்டா போதும், மிச்சத்த செருப்பு பாத்துக்கும். அவரு சொல்றது அது. எனக்கு அப்படியெல்லாம் பேச வராது.

கால ஆட்டாத, பேப்பர்ல வரையறேன். பென்சில நேரா புடிக்கணும், சாச்சிப் புடிச்சா செருப்பு சின்னதா போயிடும்.

நாங்க இன்னா ஆளுங்கன்னு கேக்குற. நேரா கேக்கல, சுத்தி வளைச்சி கேக்குற. பரவால்ல, வர்றவங்க எல்லாம் கேக்குறதுதான். பரம்பரையா செருப்பு தெக்கிறவங்க இல்லக்கா நாங்க. எங்க மாமனாரு கூலி. கரும்பு வெட்டு, நெல்லு அறுப்பு, எது கெடைக்குதோ அது. எங்க ஆளுங்கள்ள யாரும் இதத் தொட்டது கெடையாது. இவரு மில்லுல வேலையில இருந்தவரு. பேரு தேவேந்திரன். மில்லு மூடுனதும் கொஞ்ச நாளு வூட்லயே குந்திக்கினு இருந்தாரு. அப்புறம் ஆஸ்பத்திரியில கான்ட்ராக்ட்டு வேல. வார்டு பாய்னு பேரு, தலையெல்லாம் நரைச்ச பாயி. புண்ணுக்குக் கட்டு கட்டற ரூம்புல நிப்பாரு. கால புடிச்சிக்கிறது, பழைய கட்ட வாரிப் போடுறது, அந்த வேல.

அங்க சின்னபொண்ணுன்னு ஒரு அம்மா வந்தாங்க. பண்டசோழநல்லூரு. நடவுக்குப் போறவங்க. உன்ன மாதிரிதான், சுகரு, கால்ல தெரியாது. ரப்பர் செருப்பு வாரு அறுந்துடுச்சின்னு ஊக்கு குத்திப் போட்டிருந்திருக்காங்க. நம்ம எல்லாரும் பண்றதுதான? அந்த ஊக்கு தொறந்துக்கினு உள்ளங்கால்ல ஏறியிருக்குது. அதோடயே கழனிக்குப் போயி, வந்து, சோறாக்கி, படுத்து, மறுநாளும் போயிருக்காங்க. தெரியவே இல்ல. நாத்தம் வந்த அப்புறந்தான் தெரிஞ்சிது. மொதல்ல வெரல எடுத்தாங்க. அப்புறம் முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க.

எடுத்த கால பைல சுத்தி இவரு கையில குடுத்து, கொண்டுபோய் சேர்த்துடுன்னு சொல்லியிருக்காங்க. அதுக்குன்னு எடம் இருக்குதில்ல ஆஸ்பத்திரியில. அன்னிக்கு வூட்டுக்கு வந்தவரு சோறு துன்னல. கையி ரெண்டையும் மடியில வெச்சிக்கினு அதையே பாத்துக்கினு இருக்காரு. இன்னாய்யா, இன்னா ஆச்சின்னேன். இன்னா கனம் தெரியுமாடி, ஜெயசித்ரா. ஒரு ஊக்குடி. ஒரு ஊக்கு. அவ்ளோதான் சொன்னாரு.

ஜெயசித்ரான்றது நான்தான்.

மறுநாளு போயி டாக்டராண்ட கேட்டிருக்காரு, இதுக்கு இன்னாதான் சார் வழின்னு. அந்த டாக்டரு தங்கமானவரு. இதுக்குன்னு ஒரு ரப்பர் இருக்குதுய்யா, மெத்துன்னு இருக்கும், அதுல கால் அளவுக்கு செருப்பு செஞ்சி போட்டா பாதி கால காப்பாத்தலாம், இங்க செய்யிற ஆளுதான் இல்லன்னாரு. திண்டிவனம் பக்கத்துல ஒரு ஆஸ்பத்திரி இருந்துது, குஷ்டம் வந்து ஆறுனவங்களுக்கு அங்க செருப்பு செஞ்சி தருவாங்க. இவரு லீவு போட்டுட்டு அங்க போய் உக்காந்துக்கினாரு. ரப்பர் வெட்டுறது, ஒட்டுறது, வாரு வெச்சி தெக்கிறது எல்லாம் பாத்துக்கினு, ஒரு நாளு சாயங்காலம் ரப்பர் ஷீட்ட சுருட்டி புள்ளயத் தூக்கிக்கினு வர்ற மாதிரி தோள்ல சாச்சிக்கினு வந்தாரு.

மொத மொதல்ல அவரு பண்ணது ஒத்த செருப்புக்கா. அந்த சின்னபொண்ணும்மாவுக்கு. மிச்சம் இருந்தது ஒத்தக் காலுதான. பண்ணுவாரு, சரியில்லன்னு பிரிப்பாரு. மறுபடி பண்ணுவாரு. ஆணியே அடிக்கக் கூடாதுன்னு வைராக்கியம். சொல்யூசன் போட்டு ஒட்டணும், நூலு போட்டு தெக்கணும், ஆணி மட்டும் ஆவாது. தேய்ஞ்சா ஆணி மேல வரும், போட்டிருக்கறவங்களுக்குத் தெரியாது, அதுக்குத்தான். பின்னாடி ஒரு வாரு கட்டாயம் வெப்பாரு. ஏன்னு தெரியுமா? உன்ன மாதிரி இருக்கறவங்களுக்கு செருப்பு கழண்டு வுழுந்தாக்கூட தெரியாது, வெறுங்கால்லயே போய்க்கினு இருப்பாங்க. கழண்டுக்கிச்சா உனக்கும்? பஸ்லயா? பாத்தியா.

கடைசில ஒண்ணு தேறிச்சி. நாங்க ரெண்டு பேரும்தான் கொண்டுபோய் போட்டுவுட்டோம். அந்தம்மா கட்டில்ல உக்காந்துக்கினு செருப்பையே பாத்தாங்க. எனக்கெதுக்குப்பா இனிமேன்னாங்க. இவரு குனிஞ்சி போட்டுவுட்டாரு. அந்தக் காலு இன்னும் இருக்குதுக்கா அவங்களுக்கு. அந்தக் காலு நல்லாருக்குது.

அப்புறம் அவர புடிக்க முடியல. ஆஸ்பத்திரி வேல முடிச்சி வந்தா நேரா இந்தக் கொட்டாய்தான். மாடு கட்டிக்கினு இருந்தோம் இங்க. மாட்ட வித்துட்டு தையல் மிஷின் வாங்கிப் போட்டாரு. கொஞ்ச நாள்ல வேலையையும் வுட்டுட்டாரு. எனக்கு வயித்தெரிச்சலு. சுடுகாட்டுக்குப் போற வயசுல இன்னாய்யா புதுசா ஒண்ணுன்னு கத்துவேன். காதுல வாங்கமாட்டாரு. எங்க போனாலும் ஜனங்க கால பாக்கறதுதான். பஸ்ல ஏறுனா எதிர்ல உக்காந்திருக்கறவன் காலு. வில்லியனூர் தேருக்குப் போனா எல்லாரும் அண்ணாந்து சாமிய பாத்து கும்புடுறாங்க, இவரு தேரு இழுக்கறவங்க கால பாத்துக்கினு நிக்கிறாரு. அந்தாளு நொண்டுறான் பாரு, அந்தம்மா பெருவெரலு கருத்துப் போச்சி பாருன்னு. அவரு பக்கத்துல நிக்க எனக்கே வெக்கமா இருக்கும்.

அந்தக் கால மாத்தி வையி. இல்ல இல்ல, இதே காலுதான், லேசா திருப்பு. கார்பன் வெச்சி அழுத்தணும், எங்க கனம் வுழுதுன்னு தெரியும்.

அவரு அண்ணன் செல்லப்பன், அந்தாளுதான் ரொம்ப குதிச்சாரு. தெருவுல நின்னே கேட்டாரு. டேய், நம்ம அப்பன் மேலத்தெரு வழியா போவும்போது செருப்ப கையில தூக்கிக்கினு போனவரு. கண்ணால பாத்தவன் நானு. அந்தத் தெருக்காரன் காலுக்கு நீ செருப்பு தெக்கிறியா, அவன் கால உம் மடியில வெச்சிக்கிறியா, வெக்கமா இல்ல? அப்படின்னு. நானும் அந்தாளு பக்கந்தான். உண்மையதான சொல்றாரு. இவரு தலைய தூக்கல, ரப்பர அறுத்துக்கினே சொன்னாரு, மடிக்கு வந்துட்டா அது வெறும் காலுண்ணான்னு. அன்னிலேருந்து அண்ணந்தம்பி பேச்சுவார்த்த இல்ல. எதிர்ல பாத்தா அந்தாளு அந்தாண்ட திரும்பிக்குவாரு.

நானா? நான் எப்படி இதுல வந்தேன்னா, ஆம்பளைங்க வந்தாங்க, கால நீட்டுனாங்க, போனாங்க. பொம்பளைங்க வருவாங்க, வாசல்லயே நிப்பாங்க. ஒரு ஆம்பளைகிட்ட எப்படி கால நீட்டுறது? பொடவைய காலு மூடுற மாதிரி இழுத்து வுட்டுக்கினு, அளவு எதுக்கு, பழைய செருப்பு தரேன் அத பாத்து செஞ்சிடுன்னுவாங்க. இவரு என்னை பாப்பாரு. கூப்புட மாட்டாரு, பாப்பாரு அவ்ளோதான். நானும் மூஞ்ச திருப்பிக்கினு உள்ள போயிடுவேன்.

ஒரு நாளு மேலத்தெரு அம்மா ஒருத்தங்க கார்ல வந்தாங்க. அவங்க கழனியில நான் களை எடுத்திருக்கேன். அவங்க வூட்டு வாசலத் தாண்டி உள்ள போனதில்ல. கார்ல ஒரு காலு, தரையில ஒரு காலுன்னு உக்காந்திருக்காங்க, எறங்கவும் முடியல, போவவும் மனசில்ல. ஏன்னு தெரியல, நானே போய் தரையில குந்திக்கினு அந்தக் கால எடுத்து மடியில வெச்சேன். அவங்களுக்கு ஒரு கூச்சம், எனக்கு வேற மாதிரி கூச்சம். ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாக்கல. காலு சில்லுன்னு இருந்துது. பித்தவெடிப்பு, பாளம் பாளமா. என் கால்ல இருக்கற மாதிரியேதான் இருந்துது. அவ்ளோதான்க்கா. அன்னிலேருந்து பொம்பளைங்க அளவு எனுது. அளவு எடுத்தவளே வெட்டுனாதான் சரியா வரும்னு வெட்டவும் வெச்சிட்டாரு. அப்புறம் தெக்கிறது. எனக்கு அவர மாதிரி பித்தெல்லாம் கெடையாது. வந்தா செய்வேன். அவரு மாதிரி பஸ்ல போறவங்க கால பாக்குறதெல்லாம் இல்ல. கொஞ்சம் பாப்பேன். பழகிப் போச்சி.

எம் பொண்ணு பிரியதர்ஷினிக்கு இந்தத் தொழிலே ஆவாது. அதுக்கு ஒரு கத இருக்குது. பாகூர்லேருந்து மாப்ள வூட்டுக்காரங்க பொண்ணு பாக்க வந்தாங்க. நல்ல எடம், பையன் அரசாங்க வேல. எல்லாம் வாசல்ல சேரு போட்டு உக்காந்தாச்சி, இவ காபி தட்டு எடுத்துனு வரா. இவரு பாட்டுக்கு மாப்ளையோட அப்பா கால பாத்துக்கினு இருக்காரு. நான் இடிக்கிறேன், கண்ணு காட்டுறேன், ஒண்ணும் நடக்கல. சட்டுனு எழுந்து போயி அந்தாளு முன்னாடி குந்திக்கினு, சம்மந்தி அந்த ஷூவ கொஞ்சம் கழட்டுங்கன்னாரு. அந்தாளுக்கு மூஞ்சி சிவந்துடுச்சி. பொண்ணு பாக்க வந்த எடத்துல கால கழுவப் போறியான்னாரு. இல்ல, வாட வருதுன்னு இவரு சொல்லிட்டாரு. எல்லார் முன்னாடியும். வாட வருது, உள்ள புண்ணு இருக்குது, கழட்டுங்கன்னு.

எழுந்து போயிட்டாங்கக்கா. காபிகூட குடிக்கல. எம் பொண்ணு தட்டோட அப்படியே நின்னா. அப்பன்கிட்ட பேச்ச வுட்டுட்டா அன்னிலேருந்து. வேற எடத்துல கட்டிக் குடுத்தோம், கடலூருல. தாலி கட்டி அனுப்பும்போதுகூட அவரு கால்ல வுழுந்தா, வாய் தொறந்து பேசல.

இவரு இன்னா பண்ணாரு தெரியுமா? அந்த பாகூர்க்காரருக்கு ஒரு ஜோடி செஞ்சி பார்சல் கட்டி அனுப்புனாரு. அளவு? எல்லாம் கண்ணுலயே எடுத்திருக்காரு. திரும்பி வந்துடுச்சி பார்சலு. வரட்டும்னு எடுத்து மேல வெச்சிட்டாரு. அப்புறம் ஒரு நாளு அந்தாளே வந்தாரு, பையன் தோள புடிச்சிக்கினு. ரெண்டு வெரலு இல்ல. பையனுக்கு வேற எடத்துல கல்யாணம் ஆயி கொழந்தகூட இருக்குது அதுக்குள்ள. இவரு எழுந்து போயி, மேல இருந்த ஜோடிய எடுத்து தூசு தட்டி, வெரலு இல்லாத எடத்துக்கு ரப்பர வெச்சி அடைச்சிக் குடுத்தாரு. எனக்குத்தான் ஆத்தரம். நான் உள்ளேருந்து வரவே இல்ல.

கால இறுக்காத. லூசா வுடு. இந்த புண்ணு இருக்குது பாரு, இதுக்கு நேரா ரப்பர்ல குழி எடுக்கணும். அப்பத்தான் அது தரையில படாம ஆறும். கனத்த மத்த எடமெல்லாம் பங்கு போட்டுக்கும்.

ஆமாக்கா. இல்லன்னு சொன்னேன்ல, நீ ஊருக்குப் போயிருக்காருன்னு நெனைச்சிட்ட. செத்துட்டாரு. போன மாசம். நெட்டப்பாக்கம் பக்கத்துல ஒருத்தருக்கு செருப்பு குடுத்துட்டு டிவிஎஸ்ல திரும்பி வந்தவரு, வழியில மதகாண்ட வண்டிய ஸ்டாண்டு போட்டு நிறுத்திட்டு குந்தியிருக்காரு. அப்படியே. வண்டி சாவி சட்டப் பாக்கெட்டுல பத்திரமா இருந்துது. நெஞ்சு வலின்னு ஒரு நாளும் சொன்னதில்ல.

நீ ஏன்க்கா அழுவுற? வேணாம். நானே அழுவல. எல்லாரும் கேக்குறாங்க, ஏண்டி அழ மாட்டேன்றன்னு. எனக்குத் தெரியல. வரல. மாலயெல்லாம் போட்டு படுக்க வெச்சிருக்காங்க, நான் பாத்துக்கினு இருக்கேன், யாரோ மாதிரி இருக்குது. ஒரு பொம்பள கன்னத்துல தட்டி அழுடி அழுடின்றா. வலிக்குதுன்னுகூட தோணல. இப்பவும் அப்படித்தான். சோறு துன்றேன், உப்பு இருக்குதா இல்லியான்னு தெரியல. சரி, அது போவட்டும்.

சாவுக்கு வந்தாங்க பாரு ஜனங்க. அதத்தான் சொல்லணும். நாங்க சொந்தக்காரங்களுக்கு மட்டுந்தான் சொல்லி அனுப்புனோம். எப்படித் தெரிஞ்சிதோ, காலையிலேருந்து பஸ்ஸுக்கு பஸ்ஸு எறங்குறாங்க. பாகூரு, திருக்கனூரு, மடுகரை, அந்தாண்ட விழுப்புரத்துக்காரங்க. குச்சி ஊணிக்கினு, ஆளு புடிச்சிக்கினு, மெதுவா மெதுவா தெருவுல வராங்க. எல்லாரும் வயசானவங்க. எல்லாரும் செருப்போட உள்ள வராங்கக்கா. வாசல்ல கழட்டல. நடுவூட்டுல பொணம் கெடக்குது, அதுக்கு முன்னாடி செருப்போட வந்து நின்னு கையெடுத்து கும்புடுறாங்க.

செல்லப்பன் வந்திருந்தாரு. தம்பிகிட்ட பேசாம இருந்தவரு, தலமாட்டுல நின்னுக்கினு இருந்தாரு. பாத்தாரு பாத்தாரு, கத்த ஆரம்பிச்சிட்டாரு. யாருய்யா நீங்கள்லாம், பொணத்து முன்னாடி செருப்போட நிக்கிறீங்க, இன்னா எங்க வூடுன்னா உங்களுக்கு அவ்ளோ எளக்காரமான்னு. அந்தாளுக்கு அவரோட அப்பன் ஞாபகம், வேற இன்னா. எல்லாரும் அப்படியே நின்னுட்டாங்க. ஒரு பெரியவரு பயந்துக்கினு குனிஞ்சி வார அவுக்கப் போறாரு.

நான் எழுந்தேன். சாவு வூட்டுல பொண்டாட்டி எழுந்து பேசுறது உண்டா? எழுந்தேன். கழட்டாதீங்கய்யான்னேன். செல்லப்பனாண்ட திரும்பி, மாமா, அவருதான் கழட்டக் கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்காரு. வூட்டுக்குள்ள போடு, கோயிலுக்குப் போனா வாசல்லயே நின்னு கும்புட்டுட்டு வா, எழவு வூடா இருந்தாலும் கழட்டாதன்னு ஒவ்வொருத்தர் கால்லயும் மாட்டிவுடும்போது சொல்லுவாரு. அவரு பேச்சத்தான் கேக்குறாங்கன்னேன். சொல்லிட்டு உக்காந்துட்டேன்.

செல்லப்பன் அப்பத்தான் கீழ குனிஞ்சி பாத்தாரு. எல்லாம் ஒரே ரப்பரு, ஒரே பின்வாரு. ஒரு ஜோடி மாதிரி இன்னொரு ஜோடி இல்ல. ஒண்ணு அகலமா, ஒண்ணு வெரலு இல்லாம, ஒண்ணு ஒசந்து. மேலத்தெரு அம்மாவும் வந்திருந்தாங்க, சேரிக்குள்ள வந்து, எங்க வூட்டு நடையில செருப்போட நின்னுக்கினு இருந்தாங்க. பண்டசோழநல்லூர் சின்னபொண்ணும்மாவ ரெண்டு பேரு கைத்தாங்கலா தூக்கிக்கினு வந்தாங்க. அவங்க கால்ல அந்த ஒத்தச் செருப்பு. அந்தாளு பாத்துக்கினே இருந்தாரு. அப்புறம் போயி ஒரு சேர எடுத்தாந்து அந்தம்மாவுக்குப் போட்டாரு. சுடுகாடு வரைக்கும் கூட வந்தாங்கக்கா அத்தன பேரும், பாடைக்குப் பின்னாடி, நொண்டிக்கினே. அவங்க நடைக்குத்தான் பாடையும் போச்சி. செல்லப்பன்தான் முன்ன தூக்கினு போனவங்களாண்ட சொன்னாரு, மெதுவா போங்கடா, பின்னாடி காலு முடியாதவங்க வராங்கன்னு.

எம் பொண்ணு திண்ண ஓரமா நின்னு பாத்துக்கினு இருந்தா. அவளும் அழுவல. அவ என்ன மாதிரி.

அப்புறம்? அப்புறம் ஒண்ணுமில்ல. காரியம் ஆச்சி. ஜனங்க போயிட்டாங்க. இந்தக் கொட்டாய பூட்டிப் போட்டேன். ஆளுங்க வராங்க தெனமும், சாவு தெரியாதவங்க. அளவு குடுக்க வந்தவங்க, வாரு மாத்த வந்தவங்க. ஆம்பளைங்க கால நான் தொட்டதில்ல, எனக்கு எப்படி வரும்? பொம்பளைங்களையும் வேணாம்னு அனுப்பிட்டேன். அவரே இல்ல, இனிமே இன்னா. வேற எங்கயாவது பாருங்கன்னுவேன். எங்கன்னு கேப்பாங்க. தெரியாதுன்னுவேன். கதவ சாத்திக்குவேன். மனசுக்கு ஒண்ணும் தோணல, அனுப்பணுமேன்னு வருத்தங்கூட இல்ல. வாசல்ல போய் மோர்க்காரன வேணாம்னு சொல்றோமே, அப்படி.

இன்னிக்கு ஏன் தொறந்திருக்குதுன்னு கேக்குற. மிஷின எடுத்துனு போவ ஆளு வரான் சாயங்காலம். காரு சீட்டு கவர் தெக்கிறவன், வில்லியனூர்ல கட வெச்சிருக்கான். அதுக்குத்தான் தூசு தட்டி வெக்கலாம்னு தொறந்தேன். உள்ள பாத்திரம் உருட்டுற சத்தம் கேக்குதுல்ல, எம் பொண்ணுதான். மூட்ட கட்டிக்கினு இருக்கா. என்ன கடலூருக்கு இட்டுனு போறா. ஒத்தையில கெடக்க வேணாம்மா, வந்துடும்மான்னா. பாவம், நல்ல மாதிரிதான் கூப்புடுறா. சரி வரேன்டின்னு நானும் சொல்லிட்டேன். எங்க இருந்தா இன்னா, எனக்கு எல்லாம் ஒண்ணுதான்னு இருந்துது. மருமவன் வண்டி கொண்டாரான்.

உன்னையும் அனுப்பத்தான் வாசலுக்கு வந்தேன். அதுக்குள்ள நீ தெருவுல நடந்து வர்றத பாத்துட்டேன். எடது கால வெளிப்பக்கமா தள்ளித் தள்ளி வெச்சிக்கினு வர. உனக்கு வலிக்கல, நீ பாட்டுக்கு வர.

வெள்ளிக்கெழம வாக்கா. காலையிலயே வா, வெயில் ஏறுறதுக்குள்ள. அன்னிக்கு போட்டுப் பாத்து, சரியில்லன்னா அங்கேயே பிரிச்சி தெச்சிடலாம். அது வரைக்கும் கட அடுப்பாண்ட நிக்காத, மருமவள நிக்க சொல்லு, நீ ஸ்டூல் போட்டு குந்திக்கினு மாவு ஊத்து. ஆமா, இங்கதான் வரணும். கடலூருக்கு இல்ல. இங்கதான் இருப்பேன்.

இன்னும் அவகிட்ட சொல்லல. மிஷின்காரனுக்கும் போன் பண்ணி சொல்லணும், வராதன்னு. உன்னாண்டதான் மொதல்ல சொல்றேன். சத்தமா பேசாத, உள்ள காதுல வுழும்.

இப்ப அந்த வலது கால குடு. அத இன்னும் பாக்கவே இல்ல.